கடற்கரைக் கனிய மணலும் சுரங்கச் சட்டச் சீர்திருத்தமும்



"கனிய வளத்துறையில் முதலீட்டை ஈர்க்க வேண்டுமாயின் சுரங்கச் சட்டங்களைச் சீர்திருத்த வேண்டும்" என்னும் கூற்று இன்று அடிக்கடி கேட்கப்படுகின்றது. இதனை ஆராயுமாறு வினா அமையும்போது மாணவர் பலர் இரண்டு விதமாகத் தவறுகின்றனர். சிலர் முதலீட்டின் நன்மைகளை மட்டும் வரிசைப்படுத்துவர். வேறு சிலர் சூழல் பாதிப்புகளை மட்டும் எழுதுவர். இரண்டுமே அரைகுறை விடைகளாகும். புவியியல், பொருளியல், அரசியல் விஞ்ஞானம் ஆகிய மூன்று பாடங்களுக்கும் இவ்விடயம் பயன்படுமாதலால், திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கனிய மணலை உதாரணமாகக் கொண்டு இதனைப் படிப்படியாக நோக்குவோம்.

1. இன்றியமையாக் கனியங்கள் என்றால் என்ன?

ஒரு நாட்டின் கைத்தொழிலுக்கும் பாதுகாப்புக்கும் அவசியமாகவும், அதேவேளை கிடைப்பது தடைப்படக்கூடிய ஆபத்து உள்ளதாகவும் இருக்கும் கனியங்களே இன்றியமையாக் கனியங்கள் எனப்படுகின்றன. இவ்வரைவிலக்கணத்தில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதைக் கவனியுங்கள். இரும்புத்தாது மிக அவசியமானது. ஆயினும் பல நாடுகளில் தாராளமாகக் கிடைப்பதால் அது பெரும்பாலான பட்டியல்களில் இடம்பெறுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் 34 மூலப்பொருட்களையும், இந்தியா அதே ஆண்டில் 30 கனியங்களையும் இவ்வாறு பட்டியலிட்டன. இலித்தியம், கோபாற்று, அருமண் மூலகங்கள் என்பவற்றுடன் இலங்கையில் காணப்படும் காரீயம் (பென்சிற்கரி), தைத்தேனியம், பொசுபேற்று சார்ந்த பொருட்களும் இப்பட்டியல்களில் உள்ளன. மின்கலங்களின் எதிர்முனைக்குக் காரீயம் தேவை. விமானப் பாகங்களுக்கும் வெண்ணிறப் பூச்சு வகைகளுக்கும் தைத்தேனியம் தேவை. மின்சார வாகனங்களினதும் காற்றாலைகளினதும் வலிமையான காந்தங்களுக்கு அருமண் மூலகங்கள் தேவை.

இவற்றுட் பலவற்றின் உற்பத்தியிலும் பதனிடலிலும் சீனா முதலிடம் வகிக்கின்றது. சீனா 2023 டிசெம்பரில் காரீய ஏற்றுமதிக்கும், 2025 ஏப்பிரலில் அருமண் மூலகங்கள் ஏழின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தது. இதனால் ஏனைய நாடுகள் புதிய வழங்குநர்களைத் தேடத் தொடங்கின. கனியமுள்ள சிறிய நாடுகளின் சட்டங்கள் உலகின் கவனத்தை ஈர்ப்பதற்கு இதுவே காரணமாகும்.

2. புல்மோட்டைக் கனிய மணல்

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரம் தெற்கே வெருகலுக்கு அண்மையிலுள்ள இலங்கைத்துறை முகத்துவாரப் பகுதியிலிருந்து வடக்கே கொக்கிளாய்க் களப்பின் எல்லை வரை நீண்டு கிடக்கின்றது. அதன் வட அந்தத்தில், திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில் புல்மோட்டை அமைந்துள்ளது.

இங்குள்ள கருமணல் எவ்வாறு உருவாயிற்று? உள்நாட்டின் பழைமையான உருமாறிய பாறைகள் நீண்டகாலமாக வானிலையாலழிகின்றன. அவற்றிலிருந்து பிரியும் துணிக்கைகளை யான் ஓயா, மா ஓயா போன்ற ஆறுகள் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அலையும் கரையோர நீரோட்டமும் அவற்றைத் தரம் பிரிக்கின்றன. பாரம் குறைந்த குவார்சு மணல் அடித்துச் செல்லப்பட, பாரமான கனியங்கள் கரையிலே தங்குகின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தின் பலமான அலைகள் இப்படிவை மீண்டும் ஓரளவு நிரப்புகின்றன. எனினும் அகழும் வேகம் நிரம்பும் வேகத்தை விஞ்சினால் படிவு குறைந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

புல்மோட்டைப் படிவின் சிறப்பு அதன் செறிவாகும். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைற், 8 முதல் 10 சதவீதம் சேர்க்கோன், 8 சதவீதம் உரூத்தைல் என்பன உள்ளன. மொனசைற் ஒரு சதவீதத்திற்கும் மிகக் குறைவு. உலகில் அகழப்படும் பல கனிய மணற் படிவுகளில் பாரக் கனியங்களின் மொத்த அளவே 10 சதவீதத்தை எட்டுவதில்லை.

கனியங்களைப் பிரித்தெடுக்கும் முறை பௌதிக இயல்புகளை அடிப்படையாகக் கொண்டது. முதலில் மணலை நீரோடு சுருள் வடிவான தொட்டிகளில் ஓடவிட்டுப் பாரமற்றவற்றை நீக்குவர். பின்னர் உலர்த்திக் காந்தப் பிரிப்பானில் இடுவர். இல்மனைற் காந்தத்தால் இழுக்கப்படும். எஞ்சியவற்றுள் உரூத்தைல் மின்னைக் கடத்தும், சேர்க்கோன் கடத்தாது. ஆகவே நிலைமின் முறையால் இவ்விரண்டையும் பிரிக்கலாம். மொனசைற்றில் அருமண் மூலகங்களோடு கதிர்த்தொழிற்பாடுடைய தோரியமும் இருப்பதால் அதனைக் கையாள்வதற்குத் தனிக் கவனம் தேவை.

ஒரு சிறு கணக்கு: இல்மனைற் என்பது இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் ஆகியவற்றின் சேர்வையாகும். இரும்பு ஓரணு (56), தைத்தேனியம் ஓரணு (48), ஒட்சிசன் மூன்றணு (48) எனக் கொண்டால் மொத்தம் 152. இதில் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பங்கு 80. எனவே தூய இல்மனைற் 100 தொன்னில் ஏறத்தாழ 53 தொன் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உள்ளது. வெண்பூச்சுக்குப் பயன்படும் இப்பொருளின் ஒரு தொன் விலை, இல்மனைற் ஒரு தொன் விலையைப் போலப் பல மடங்காகும். மணலாக விற்பவர் பெறுவது இச்சங்கிலியின் மிகச் சிறிய பங்கே.

3. வரலாற்றுப் பின்னணி

இலங்கையில் கனியங்களை முறையாக ஆராயும் அளவைப் பணி 1903இல் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் தொடங்கிற்று. பின்னாளில் கலை விமரிசகராக உலகப் புகழ் பெற்ற அவர், தோரியம் அடங்கிய தோரியனைற் என்னும் புதிய கனியத்தை இந்நாட்டிலே கண்டறிந்தார்.

புல்மோட்டை மணலை அகழ்வதற்கு 1957இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1992இல் இது லங்கா மினரல் சான்ட்ஸ் லிமிட்டெட் என்னும் அரச கம்பனியாக மாற்றப்பட்டது. உள்நாட்டுப் போர் இத்தொழிலைக் கடுமையாகப் பாதித்தது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்னும் கப்பல் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டது. இதில் சீன மாலுமிகளும் உயிரிழந்தனர். அதன்பின் ஏற்றுமதி நீண்டகாலம் முடங்கியது. 2009இல் போர் முடிவுற்ற பின்னரே தொழில் மீளச் சீரடைந்தது.

ஆறு தசாப்தங்களுக்கு மேல் கடந்தும் இங்கு பிரிக்கப்படும் கனியங்கள் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகின்றன. தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஆலையொன்று நாட்டில் இல்லை. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அருகிலேயே இருந்தும் நிலைமை இதுவே. செறிவான படிவும் சிறந்த துறைமுகமும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் புல்மோட்டை தக்க சான்றாகும். முதலீடு எதனைப் பார்த்து வருகின்றது என்னும் வினா இங்கேதான் எழுகின்றது.

4. தற்போதைய சட்ட ஒழுங்கு

பின்வரும் சட்டங்களை ஆண்டோடும் இலக்கத்தோடும் நினைவிற் கொள்க.

(அ) 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருட்கள் சட்டம். இது 2009ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. கனியங்களின் உடைமை குடியரசுக்கே உரியது என இது கூறுகின்றது. அதாவது, உங்கள் காணியின் மேற்பரப்பு உங்களுடையதாயினும் அதனடியிலுள்ள கனியம் அரசினுடையது. ஆராய்வுக்கும் அகழ்வுக்கும் கனியங்களைக் கொண்டுசெல்வதற்கும் வியாபாரத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகமாகும்.

(ஆ) 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். குறித்த வகையான பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அவசியம். அவ்வறிக்கை 30 நாட்களுக்குப் பொதுமக்களின் பார்வைக்கும் கருத்துக்கும் வைக்கப்படும்.

(இ) 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் சராசரி தாழ்நீர் மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் ஆகும். கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்பு என்பவற்றில் இவ்வலயம் உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை நீளும். கொக்கிளாய்க் களப்பும் இலங்கைத்துறை முகத்துவாரமும் இவ்விதிக்குள் அடங்குவனவே.

(ஈ) 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம். கதிர்த்தொழிற்பாடுடைய பொருட்களைக் கையாளல் இதனால் ஒழுங்குபடுத்தப்படுகின்றது.

(உ) அரசியலமைப்பு. சுற்றாடலைப் பாதுகாத்தல் அரசின் கடமை என உறுப்புரை 27(14) கூறுகின்றது. இயற்கையைப் பாதுகாத்தல் ஒவ்வொருவரதும் கடமை என உறுப்புரை 28 கூறுகின்றது. 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி, பாராளுமன்றம் விதிக்கும் எல்லைக்குட்பட்டுக் கனிய உரிமைகள் மீது வரி விதித்தல் மாகாண சபைகளின் நிரலில் உள்ளது.

இரத்தினக்கற்கள் மேற்படி பணியகத்தின் கீழ் வருவதில்லை. அவை 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகாரசபைக்கு உரியன. பலர் இவற்றைக் குழப்பி எழுதுவதுண்டு.

5. முதலீட்டாளர் எதிர்பார்ப்பது என்ன?

சுரங்கத்தொழில் ஏனைய தொழில்களிலிருந்து வேறுபட்டது. ஆடை ஆலையொன்றை ஓரிரு ஆண்டுகளில் நிறுவலாம், நட்டமேற்பட்டால் இயந்திரங்களை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம். சுரங்கத்தை அவ்வாறு நகர்த்த முடியாது. ஆராய்வுக்கே பல ஆண்டுகள் செல்லும். ஆராயப்படும் இடங்களுள் மிகச் சிலவே அகழத்தக்கனவாக அமையும். எனவே பணத்தை முதலில் இட்டு வருமானத்தைப் பின்னர் எதிர்பார்க்கும் முதலீட்டாளர் பின்வருவனவற்றைக் கேட்கின்றனர்.

• ஆராய்வில் வெற்றி கண்டால் அகழும் உரிமை தமக்குக் கிடைக்குமா?
• பணியகம், கரையோரத் திணைக்களம், சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலகம் எனப் பல இடங்களில் அனுமதி பெற எத்தனை மாதங்கள் செல்லும்?
• உரிமைக் கட்டணமும் (றோயல்ற்றி) வரியும் இடையில் மாற்றப்படுமா?
• உடைமை பறிக்கப்படுமா? இலங்கையில் காரீயச் சுரங்கங்கள் 1971இல் அரசுடைமையாக்கப்பட்டன, 1990களில் போகலைச் சுரங்கம் மீண்டும் கம்பனி முறைக்குச் சென்றது. கொள்கை மாறிய இவ்வரலாற்றை முதலீட்டாளரும் அறிவர்.
• நம்பத்தக்க நிலத்தரவுகள் அரசிடம் உள்ளனவா?

இவ்வினாக்களைக் கூர்ந்து பாருங்கள். இவற்றுள் எதுவும் சுற்றாடல் மதிப்பீட்டை நீக்குமாறோ மக்களிடம் கேளாதிருக்குமாறோ கோரவில்லை. அவர்கள் கோருவது நிச்சயத்தன்மையே. "சீர்திருத்தம்" என்னும் சொல்லைத் "தளர்வு" என்று பொருள் கொள்வது முதலாவது பிழையாகும்.

6. கரையோர மக்கள் அஞ்சுவது என்ன?

கடற்கரை வெறும் நிலமன்று. அது கரைவலை இழுக்கும் பாடு, மீன் காயவிடும் களம், பருவகாலத்தில் வாடி அமைக்கும் இடம். கரை அரிக்கப்பட்டால் அல்லது வேலியிடப்பட்டால் மீனவனின் தொழிற்சாலையே மூடப்படுகின்றது. ஆனால் அவனிடம் அப்பாட்டுக்கு உறுதியோ பத்திரமோ இருப்பது அரிது. எனவே நட்டஈட்டுக் கணக்கில் அவன் பெயர் இடம்பெறாமற் போகலாம்.

இரண்டாவது, நிலத்தடி நீர். கரையோர மணலின் அடியில் மழைநீர் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தேங்கி நிற்கின்றது. மணல் ஆழமாக அகழப்பட்டால் உவர்நீர் உட்புகுந்து கிணறுகள் கெடலாம். மூன்றாவது, இல்மனைற் பிரிக்கப்பட்ட பின் எஞ்சும் மணலில் மொனசைற்றின் செறிவு கூடும். அதனைப் பாதுகாப்பாக வைக்காவிடின் கதிர்வீச்சு அபாயம் எழும்.

நான்காவது, காணி. வடகிழக்கில் இதற்குத் தனி வரலாறு உண்டு. புல்மோட்டைக்கு வடக்கே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்க் கிராம மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த பின்னரே அவர்கள் ஊர் திரும்பத் தொடங்கினர். கால் நூற்றாண்டு ஊரில் இல்லாதவரிடம் காணிப்பத்திரம் எவ்வாறு முழுமையாக இருக்கும்? இத்தகைய இடத்தில் கனிய மணலுக்காகக் காணி குறிக்கப்படும்போது மக்கள் அதனை மற்றுமோர் இடப்பெயர்வாகவே நோக்குகின்றனர். கொக்கிளாயிலும் மன்னார்த் தீவிலும் கனிய மணல் அகழ்வு முயற்சிகளுக்கு எழுந்த எதிர்ப்பை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

7. எப்பாவல: கட்டாயம் அறிய வேண்டிய வழக்கு

இவ்விரு தரப்பினரதும் கோரிக்கைகள் மோதியபோது என்ன நடந்தது என்பதற்கு இலங்கையிலேயே சிறந்த உதாரணம் உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் 1971இல் பெரும் பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் பிறீபோர்ட் மெக்மொறான் என்னும் அமெரிக்கக் கம்பனி சார்ந்த முதலீட்டாளருக்கு இதனை வழங்க ஒப்பந்தமொன்று தயாரானது. 30 ஆண்டுகளில் 2 கோடி 61 இலட்சம் தொன் பொசுபேற்று அகழப்படவிருந்தது. பதனிடும் ஆலையைத் திருகோணமலையில் அமைக்கவும் திட்டமிருந்தது. ஆதலால் இவ்வழக்கு நமது மாவட்டத்தோடும் நேரடித் தொடர்புடையது.

எப்பாவலப் பகுதிவாசிகள் எழுவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தனர். தமது வயல்களும் வீடுகளும், பண்டைய நீர்ப்பாசனக் கால்வாயான ஜயகங்கையும் அழியும் என முறையிட்டனர். 2000 ஜூன் மாதம் புலங்குலம வழக்கு எனப்படும் இவ்வழக்கில் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு மனுதாரருக்குச் சார்பாக அமைந்தது. அதன் முக்கிய கருத்துகள் வருமாறு:

• இயற்கை வளங்களுக்கு அரசு, மக்கள் சார்பான பொறுப்பாளரே. அவ்வளங்களை நினைத்தவாறு கையளிக்க முடியாது.
• எதிர்காலச் சந்ததியினரின் நலனும் கருதப்படல் வேண்டும்.
• முதலில் படிவு பற்றிய முழுமையான ஆய்வை நடத்தி அதனை வெளியிட வேண்டும். அதன் பின்னர் சட்டப்படியான சுற்றாடல் அனுமதி பெற வேண்டும். அதுவரை ஒப்பந்தம் செய்தலாகாது.

இத்தீர்ப்பைச் "சூழல் வென்றது, முதலீடு தோற்றது" என்று மட்டும் எழுதுவது போதாது. அந்த முதலீட்டாளர் ஏன் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது? ஆய்வும் மதிப்பீடும் மக்கள் கருத்தும் முறையாக முடியுமுன் ஒப்பந்தம் நோக்கி விரைந்தமையே காரணம். அதாவது, குறுக்கு வழி முதலீட்டாளருக்கும் நட்டத்தையே தந்தது. சட்டப் படிகளைத் தாண்டிச் செல்லும் வேகம் நீதிமன்றத்தில் வந்து நின்றுவிடும். உங்கள் விடையின் மையக் கருத்தாக இதனைப் பயன்படுத்தலாம்.

8. ஏனைய நாடுகளின் அனுபவம்

இந்தியா: 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சுரங்கக் குத்தகைகளை ஏலமுறையில் வழங்குவதைக் கட்டாயமாக்கியது. 2023 ஓகஸ்ட் திருத்தம் இலித்தியம் உட்பட ஆறு கனியங்களை அணுக்கனியப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆழத்திலுள்ள அரிய கனியங்களைத் தேடுவதற்குத் தனியான ஆராய்வு உரிமத்தையும் அறிமுகப்படுத்தியது. தனியார் துறைக்கு வழிதிறந்த சீர்திருத்தம் இது.

தமிழ்நாடு: இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாட்டுக் கரையில் காணலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தனியார் தாது மணல் அகழ்வு பற்றி முறைப்பாடுகள் பெருகியதால், 2013இல் மாநில அரசு அதற்குத் தடை விதித்தது. மேற்பார்வை வலுவற்று இருக்கும்போது உரிமம் வழங்கினால், பின்னர் முழுத்தொழிலையும் நிறுத்த வேண்டிய நிலை வரும் என்பது இதன் பாடமாகும்.

இந்தோனேசியா: 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதைப் பதனிடாமல் ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. உருக்காலைகளில் பெரும் முதலீடு வந்தது. ஆயினும் அவற்றுட் பல நிலக்கரி மின்சாரத்தில் இயங்குவதால் சூழற் சுமையும் கூடியது.

பொட்சுவானா: வைர அகழ்வுக் கம்பனியான டெப்ஸ்வானாவில் அரசும் டி பியர்ஸ் கம்பனியும் சரிபாதிப் பங்குடையன. தனியார் முதலீட்டையும் அரச வருமானத்தையும் ஒருங்கே பெறலாம் என்பதற்கு இது சான்றாகும்.

9. சீர்திருத்தம் எவ்வாறு அமைய வேண்டும்?

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் ஆலோசனைகளைப் பெறலாம்.

(1) ஆய்வு முதலில்: படிவின் அளவு, தரம், நீர்மட்டம், கரையரிப்பு வேகம் என்பவற்றைப் பணியகம் ஆராய்ந்து வெளியிட வேண்டும். இது முதலீட்டாளரின் ஆபத்தையும் மக்களின் ஐயத்தையும் ஒருங்கே குறைக்கும்.

(2) ஒரே வாயில், நிச்சயமான காலம்: விண்ணப்பம் ஓரிடத்தில் ஏற்கப்பட்டு ஒவ்வொரு நிறுவனமும் குறித்த காலத்துள் முடிவு கூற வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மதிப்பீட்டை நீக்குவதன்று, தாமதத்தை நீக்குவதே இதன் நோக்கம்.

(3) வெளிப்படையான போட்டி: உரிமங்களைப் பகிரங்கப் போட்டி மூலம் வழங்கி ஒப்பந்தங்களைப் பிரசுரிக்க வேண்டும்.

(4) சட்டத்தில் எழுதிய கட்டணம்: உலகச் சந்தை விலை கூடும்போது உரிமைக் கட்டணமும் கூடும் வகையில் முன்கூட்டியே வரையறுத்தால், இடையில் விதியை மாற்றும் தேவை எழாது. அதில் ஒரு பங்கு அகழப்படும் பிரதேசத்துக்கே சேர வேண்டும்.

(5) மீளமைப்புப் பிணைப்பணம்: அகழ்ந்த நிலத்தை நிரப்பிச் சீர்செய்யும் செலவை முன்னரே வைப்பிலிடச் செய்தல் வேண்டும்.

(6) உரிமையைப் பதிவு செய்தல்: அகழ்வு உரிமத்துக்கு முன் கரைவலைப் பாடு, வாடி, பத்திரமற்ற குடியிருப்பு என்பனவும் பதிவாக வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை அவ்வூர் மக்களின் மொழியில் எளிய நடையில் கிடைக்க வேண்டும்.

(7) பெறுமதி சேர்த்தல்: பதனிடும் ஆலைகளுக்கு ஊக்குவிப்பு வழங்கலாம். எனினும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உற்பத்திக்குச் சல்பூரிக்கமிலம் அல்லது குளோரீன், பெருமளவு மின்சாரம், அமிலக் கழிவகற்றும் வசதி என்பன வேண்டும். திருகோணமலைக் குடாவின் கரையில் இத்தகைய ஆலை அமையுமாயின் அதுவும் இதே மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும்.

10. வினாவும் விடையமைப்பும்

மாதிரி வினா: "இலங்கையின் கனிய வளத்துறைக்கு முதலீட்டை ஈர்ப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதே ஏற்ற வழியாகும்." இக்கூற்றைப் புல்மோட்டை, எப்பாவல உதாரணங்களோடு ஆராய்க.

விடை எழுதும் ஒழுங்கு:

முன்னுரை: இன்றியமையாக் கனியங்களின் வரைவிலக்கணம், இலங்கையில் உள்ளவை. நான்கு வரிகள் போதும்.

கூற்றுக்குச் சார்பாக: பல நிறுவனங்கள், தாமதம், கொள்கை மாற்றம், புல்மோட்டையில் மூலப்பொருள் ஏற்றுமதி நிலை.

கூற்றுக்கு எதிராக: கரையோர வாழ்வாதாரம், நிலத்தடி நீர், காணிப் பிரச்சினை, 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தமிழ்நாட்டின் 2013 தடை.

உங்கள் முடிவு: தளர்த்தலையும் தெளிவாக்கலையும் வேறுபடுத்திக் காட்டுக. பகுதி 9இலிருந்து மூன்று ஆலோசனைகளையாவது காரணத்தோடு தருக.

தவிர்க்க வேண்டியவை: சட்டத்தின் பெயரை ஆண்டின்றி எழுதுதல், உதாரணமின்றிப் பொதுவாக எழுதுதல், "அரசு கவனிக்க வேண்டும்" எனப் பொறுப்பான நிறுவனத்தைக் குறிப்பிடாது முடித்தல்.

மேலதிகப் பயிற்சிக்கு:

1. கனியங்களின் உடைமை குடியரசுக்கு உரியது என்பதற்கும், அரசு மக்களின் பொறுப்பாளர் என்பதற்கும் இடையிலான தொடர்பை விளக்குக.
2. இல்மனைற், உரூத்தைல், சேர்க்கோன் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் படிமுறையைப் பாய்ச்சற் கோட்டுப் படத்தில் காட்டுக.
3. இல்மனைற் 250 தொன்னில் அடங்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் திணிவைக் கணிக்க.
4. உங்கள் ஊர்க் கரையில் கனிய மணல் அகழ்வுக்கு விண்ணப்பம் கிடைத்துள்ளதாகக் கொள்க. 30 நாட்களுள் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு நீங்கள் அனுப்பும் கருத்துக் கடிதத்தை வரைக.

நான்காவது பயிற்சியைத் தவறாது செய்து பாருங்கள். இக்கரையோரத்தில் வாழும் மாணவருக்கு அது பரீட்சை முடிந்த பின்னரும் உதவக்கூடிய பயிற்சியாகும். அச்சட்டம் தரும் 30 நாட்களைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது இருப்பது ஊருக்கு நன்று. முறையாக நடக்க விரும்பும் முதலீட்டாளருக்கும் அது நன்றே.